தட்டச்சு செய்தவர் பெயர்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். நான் மண்ணூர்பேட்டையில் குடியிருந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் டிராயிங் பார்த்துப் பிழைப்பவன். எந்த டிராயிங்கிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். அளவு தப்பினால் யாரைக் கேட்பது என்று அந்தக் கட்டம் சொல்லிவிடும். இலவச சாப்ட்வேர் உலகிலும் இந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1989-ல் வந்த அதன் பொது உரிமம், "எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காதே, நீ மாற்றியதைச் சொல்" என்றது. இலவசம் என்றால் உரிமையாளரே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்த நிபந்தனைக்குப் பலம் தருவதே பதிப்புரிமைச் சட்டம்தான்.

பெயர் போடுவதும் அளவு மீறினால் தொல்லைதான். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய பி.எஸ்.டி. உரிமம், விளம்பரத்திலும் தங்கள் பெயர் வரவேண்டும் என்றது. மற்றவர்களும் அந்த வரியில் தங்கள் பெயரைச் செருகிக்கொள்ள, 1997-ம் ஆண்டு நெட்-பி.எஸ்.டி. ஒன்றில் இப்படி 75 வரிகளை எண்ணினார் ஸ்டால்மன்! 1999-ல் பெர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் முதலில் க்னூ ஆவண உரிமத்தில்தான் இருந்தது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் பல பக்க உரிமத்தை முழுசாகச் சேர்க்க வேண்டும். 2009-ல் கிரியேட்டிவ் காமன்சுக்கு மாறிய பிறகு, கட்டுரையின் முகவரியைக் கொடுத்தாலே போதும் என்றானது. எழுதியவர்கள் பெயர் அதன் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இதை எளிதாகச் செய்தது நம்மவர்கள்தான். சுவிட்சர்லாந்தில் வசிக்கும் டாக்டர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலிருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தட்டச்சு செய்தவருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும் நன்றி இருக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: முகப்பை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம். ஏடு தந்தவர்களையும் உதவியவர்களையும் முகவுரையில் மறக்காமல் சொன்ன உ.வே.சா.வின் வழிதான் இது.

ஆனால் இந்தத் தட்டச்சாளர்களுக்குச் சட்டத்தின் துணை குறைவு. நம் 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 57-வது பிரிவு ஆசிரியரின் பெயரைக் காக்கிறது. சங்கப் பாடலைத் தட்டச்சு செய்தவர் ஆசிரியர் ஆகமாட்டாரே! வெறும் உழைப்பு மட்டும் இருந்தால் பதிப்புரிமை வராது என்று, ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, முகப்பில் உள்ள பெயர்கள் நம் நாணயத்தை நம்பித்தான் இருக்கின்றன.

முகப்பை வெட்டிவிட்டு உலவும் பிரதிகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றில் ஒரு சொல் பிழையாக இருந்தது. எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தது, யாருக்கு எழுதுவது, எதுவும் தெரியவில்லை. தேடிப்பிடித்து மதுரைத் திட்டத்தின் மூலக்கோப்பைத் திறந்தால், அந்தப் பிழை அங்கே எப்போதோ திருத்தப்பட்டிருந்தது.