மலைக்கோட்டையிலிருந்து ஒரு காட்சி

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக்குன்று மலைக்கோட்டை. இதன் உயரம் சுமார் 83 மீட்டர். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் உச்சிப்பிள்ளையார் என மூன்று கோயில்கள் இங்கு உள்ளன. வழிபாட்டுக்காக மட்டுமின்றி, நகரையும் காவிரியையும் ஒருசேரக் காண்பதற்காகவும் மக்கள் படியேறுகின்றனர். இது புதிய வழக்கம் அன்று. இக்குன்றிலிருந்து காவிரியைக் காணும் விருப்பம் சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன்பே இங்குக் கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

பல்லவர் குடைவரை

தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு குடைவரைக் கோயில் உள்ளது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இதைக் குடைவித்தான். லலிதாங்குரன், குணபரன் என்பன அவனுடைய பட்டப்பெயர்கள். முதற்பெயரால் இக்குடைவரை லலிதாங்குர பல்லவேசுவரம் எனப்பட்டது.

கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் பெரிய புடைப்புச் சிற்பம் உள்ளே இருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கருத்து சுவையானது. மண்ணில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் நான் எவ்வாறு காண்பேன் என்று இறைவன் கேட்டாராம். அதற்காகவே அரசன் இம்மலைக்கோயிலை அவருக்கு அளித்தானாம். ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய பார்வதி, தந்தை வீட்டைவிட்டு வந்து இம்மலையிலேயே தங்கினாள் என்றும், இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிவருகிறாள் என்றும் மற்றொரு செய்யுள் கூறுகிறது.

இக்கற்பனையில் அரசியலும் உண்டு. காவிரிக்கரை சோழநாடு. அதன் ஆற்றைத் தன் காதலி எனச் சொல்லிக்கொள்வதன் மூலம், அந்நாடு தன் ஆட்சிக்கு உட்பட்டது என்பதைப் பல்லவன் உணர்த்துகிறான்.

கோட்டையும் போரும்

பிற்காலத்தில் மதுரை நாயக்கர்கள் குன்றைச் சூழ்ந்த ஊருக்கு வலிமையான அரண் அமைத்தனர். உயரத்திலிருந்து ஆற்றையும் சமவெளியையும் கண்காணிக்க முடிந்ததால் இவ்விடம் போர்களில் முதன்மை பெற்றது. 1751-இல் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையின் துணையுடன் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணைநின்றனர். முற்றுகையின் கவனத்தைத் திருப்பவே இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752-இல் திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 19-ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு அகழியும் தூர்க்கப்பட்டது. மெயின்கார்டு கேட் என்னும் வாயில் இன்றும் நிற்கிறது.

இன்றைய காட்சி

உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரி, அதற்கு அப்பால் திருவரங்கத் தீவு, அதையும் தாண்டிக் கொள்ளிடம் ஆகியவை தெரியும். 1987-இல் நிறைவுபெற்ற 13 நிலை இராசகோபுரம் தனித்து உயர்ந்து நிற்கும். கீழே தெப்பக்குளமும் நெருங்கிய கடைவீதிகளும் காணப்படும்.

காவிரியின் தோற்றம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆடிப்பெருக்கின்போது இருகரையும் மக்கள் வெள்ளமாக இருக்கும். கோடையில் அதே இடத்தில் மணல்தான் நீண்டு கிடக்கும். கல்வெட்டு புகழ்ந்த காட்சியின் பாதி, நீர் வந்தால் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது.

சுற்றுலா வரும் மாணவர்களில் பலர் குடைவரையைக் கவனிக்காமலேயே உச்சிக்கு விரைகின்றனர். அங்குச் சற்று நின்று, கங்கையின் சிற்பத்தையும் காவிரியைப் பாடும் எழுத்துகளையும் பார்த்துவிட்டு மேலே ஏறினால், உச்சியிலிருந்து தெரியும் ஆறு வெறும் காட்சியாகத் தோன்றாது. அதைக் காக்க வேண்டிய பொறுப்பும் நினைவுக்கு வரும்.