புதிதாக வீடு வாங்குவோரின் பொருள் நெருக்கடி: அமெரிக்காவில் இன, பாலின ஏற்றத்தாழ்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடன் பெற்று முதன்முறையாக வீடு வாங்குவோர், கிரயம் முடிந்த அடுத்த சில ஆண்டுகளில் மாதத் தவணை, சொத்துவரி, பராமரிப்பு ஆகியவற்றைத் தாங்கமாட்டாது படும் சிரமம், கறுப்பினத்தாரிடத்தும் லத்தீன் அமெரிக்க வழியினரிடத்தும், தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களிடத்தும் மிகுந்து காணப்படுவதற்குப் பிரதான காரணம் அவர்களுடைய ஊதாரித்தனமன்று, கையிருப்பின்மையே. அவ்வின்மைக்குச் சரித்திரம் உண்டு.

வரலாறு: 1930களில் வீட்டுடைமையாளர் கடன் கழகம் என்னும் மத்திய அரசு நிறுவனம் வரைந்த நகரப் படங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் செந்நிறம் தீட்டப்பட்டு, கடனுக்கு அபாயமானவையென ஒதுக்கப்பட்டன. வங்கிக் கதவு அடைபட்டமையால், சிகாகோவின் லாண்டேல் பகுதியில் 1950களில் பல குடும்பங்கள் ஒப்பந்தத் தவணை முறையை நாடின. அம்முறையில் சந்தை மதிப்பைக் காட்டிலும் மிக உயர்ந்த விலை விதிக்கப்பட்டதோடு, கடைசித் தவணை தீரும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருந்தமையால், ஒரு தவணை தவறினும் கட்டிய பணமும் குடியிருந்த வீடும் ஒருங்கே பறிபோகக்கூடும்.

பெண்கள் திறத்தில் அநீதி வேறு வடிவம் கொண்டது. மனைவியின் சம்பாத்தியத்தைக் கடன் கொடுப்போர் பெரும்பாலும் முழுமையாகக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் பிள்ளை பெறமாட்டாள் என்று மருத்துவர் எழுதித்தரும் கடிதத்தைக் கேட்பதும் வழக்கில் இருந்தது.

சட்டங்கள்: 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனபேதத்தை விலக்கியது, 1974இல் அதனுடன் பாலினபேதமும் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டே சமக் கடன் வாய்ப்புச் சட்டமும் பிறந்தது. ஆயினும் பேதம் வேறு வழியில் புகுந்தது. கறுப்பின, லத்தீன் வழியினரான 2,00,000க்கு மேற்பட்டோரிடம் கூடுதல் கட்டணமோ உயர்ந்த வட்டியோ வசூலித்ததாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, கண்ட்ரிவைட் என்னும் வீட்டுக்கடன் நிறுவனம் 2011இல் 33.5 கோடி டாலர் அளிக்க இசைந்தது.

இன்றைய நிலை: பிதிரார்ஜிதச் சொத்து இல்லாதவர், விலையில் 20 சதவீதத்தை முன்பணமாகத் தர இயலாமையால், பெரும்பாலும் கடனுக்குக் காப்பீட்டுக் கட்டணமும் சேர்த்துச் செலுத்த நேர்கிறது. கடுங்குளிரில் வெப்பமூட்டும் உலை பழுதுபட்டால், பெற்றோர் உதவியுள்ளவர் அன்றே அதைச் சீர்செய்துவிடுவார். ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தாயோ கடன் அட்டையைத் தேய்த்து, அவ்வட்டியைக் கட்டுவதற்காக வீட்டுத் தவணையைத் தவறவிடும் நிலைக்கு வருகிறாள். ஆதலின் வீடு வாங்குவதற்கு முன்பண உதவி அளிப்பதோடு அமையாது, வாங்கிய பின் நேரும் முதற் பழுதைத் தாங்குவதற்குரிய சேமநிதியும் கிட்டச் செய்வதே இவ்வேற்றத்தாழ்வைத் தணிக்கும் மெய்யான பரிகாரமாகும்.