ஏட்டைக் கேட்கும் உரிமை



பால்மரம் வெட்டிய காலத்தில் நம் பெற்றோரின் உழைப்பெல்லாம் செக்ரோலில்தான் இருந்தது. எத்தனை நாள் பேர், எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம் என்று கிராணியார் எழுதினார். நம்மவர் கைநாட்டு வைத்தனர். அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்று கேட்கத் துணிந்தவர் மிகச் சிலரே. அரசாங்க ஏடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை மக்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இன்று பார்ப்போம்.

1766ஆம் ஆண்டில் சுவீடன் நாடு, அச்சுச் சுதந்திரச் சட்டத்தின் வழி, அரசாங்க ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்க அனுமதித்தது. அந்த வகையில் உலகின் முதல் சட்டம் அதுவே. ஆனால், கூலித் தொழிலாளர்கள் இந்த உரிமைக்காகத் தாங்களே போராடிய வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், அரசாங்க வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. நீங்கள் செய்த வேலை குறைவென்று ஏட்டில் இருக்கிறது என்றனர் அதிகாரிகள். ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது இரகசியம் என்றனர். இம்மக்கள் 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று ஒரு சங்கம் அமைத்தனர். 1994இல் கிராமத்தாரைக் கூட்டிவைத்து, கிடைத்த ஏடுகளை உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போதுதான் அம்பலமாயிற்று. 1996இல் பியாவர் என்னும் ஊரில் 40 நாள் மறியல் செய்தனர். 1997இல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் இந்திய அளவில் சட்டம் வந்தது.

நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் வேறு திசையில் நின்றது. இந்நிலையில் சிலாங்கூர் சட்டமன்றம் 2011 ஏப்ரல் 1ஆம் நாளிலும், பினாங்கு சட்டமன்றம் அதே ஆண்டின் பிற்பகுதியிலும் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றின. சிலாங்கூர் சட்டப்படி, மாநில அலுவலகங்களில் தகவல் அதிகாரி இருக்கவேண்டும். பாரத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி நாம் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மாநிலத் தகவல் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது. அங்குள்ள மாவட்ட அலுவலகத்திற்கும் ஊராட்சி மன்றத்திற்கும் இச்சட்டம் பொருந்தும். பிரிக்பீல்ட்ஸ் இருக்கும் கோலாலம்பூரோ 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம்; ஆகவே அங்கே இது செல்லாது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவையும் கூட்டரசின் பொறுப்பு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரகசியமாக்கப்பட்ட ஆவணங்களையும் மாநிலச் சட்டத்தால் திறக்க இயலாது.

நிலம் மாநில அரசின் பொறுப்பு. தோட்டம் கைமாறும்போது கோயிலும் பள்ளியும் இடுகாடும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்பது தெரியாமல் நம்மவர் கலங்கி நின்றதுண்டு. நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை, கட்டணம் செலுத்தி, நில அலுவலகத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். இந்த வழி முன்பிருந்தே உண்டு. இடிக்க ஆள் வந்தபின் ஓடுவதைவிட, இன்றே பார்த்து வைப்பது நன்று.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதினால் பயனில்லை. இந்தக் கால்வாய்க்கு இந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, குத்தகையாளர் யார் என்று திட்டமாகக் கேட்கவேண்டும். விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.

நம் பிள்ளைகள் இன்று மலாய் மொழியில் நன்றாக எழுதுகிறார்கள். பாட்டி சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளை ஒரு விண்ணப்பம் எழுதட்டும். அது சண்டை பிடிப்பதாகாது. நம் ஏட்டை நாமே கேட்பதுதான்.