நிகழ்வும் நிலையும்: ஆணை நிலையை அறிவிக்க ஃபிக்ஸ் நெறிமுறையைத் தகவமைத்தல்

1. சிக்கல்

2012 மே 18 அன்று ஃபேஸ்புக் பங்குகள் நாஸ்டாக் சந்தையில் முதன்முதலாக வணிகத்துக்கு வந்தன. தொடக்க ஏலம் முடிந்து காலை 11.30 மணிக்கு வணிகம் தொடங்கிவிட்டது. ஏலத்தில் இட்ட ஆணைகள் என்னவாயின என்பதற்கான உறுதிச் செய்திகளோ பிற்பகல் 1.50 மணி வரை தரகர்களை எட்டவில்லை. யூபிஎஸ் வங்கியின் மென்பொருள், உறுதி வராத ஆணைகளைத் திரும்பத் திரும்ப உள்ளிட்டது. வேண்டாத பங்குகள் குவிந்து அவ்வங்கிக்கு ஏறத்தாழ 35 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டது. சந்தையின் கோளாறுதான் தொடக்கக் காரணம். ஆனால் அதை இவ்வளவு பெரிய இழப்பாக்கியது, செய்தி வராமையையே ஒரு விடையாக எடுத்துக்கொண்ட மென்பொருள்.

மின்னணு வணிகத்தில் ஆணைகளையும் அவற்றுக்கான பதில்களையும் பரிமாற உலகெங்கும் வழங்கும் பொது நெறிமுறை ஃபிக்ஸ். 1992இல் ஃபிடெலிட்டி இன்வெஸ்ட்மென்ட்ஸுக்கும் சாலமன் பிரதர்ஸுக்கும் இடையிலான பங்கு வணிகத்துக்காக இது உருவானது. இதை எந்த நிறுவனமும் முழுமையாக அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு சந்தையும் தரகரும் தமக்கேற்ற விதிநூல் ஒன்றை வெளியிடுகின்றனர். இலங்கையில் மில்லேனியம் ஐடி உருவாக்கி, 2011 முதல் லண்டன் பங்குச் சந்தையை இயக்கிவரும் வணிகத் தளத்தின் ஃபிக்ஸ் நுழைவாயிலுக்கும் தனி விதிநூல் உண்டு. ஆகவே, தகவமைக்கலாமா என்பது கேள்வியே அல்ல; எந்த வகையில் தகவமைப்பது என்பதே கேள்வி. ஆணை நிலையைப் பொறுத்தவரை, தகவமைப்பு என்பது நெறிமுறையை விரிப்பதாக அல்லாமல் இறுக்குவதாக இருக்க வேண்டும். நிகழ்வு, நிலை, அறியாமை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. இரு கேள்விகள், இரு புலங்கள்

ஓர் ஆணை குறித்து வரும் பதில் எதுவாயினும் பெரும்பாலும் செயலாக்க அறிக்கை என்ற ஒரே செய்தி வகையில்தான் வரும். அதில் இரு புலங்கள் முதன்மையானவை. 150ஆம் புலம், ‘இப்போது நடந்தது என்ன’ என்பதற்கு விடை: நிகழ்வு வகை. 39ஆம் புலம், ‘இந்த ஆணை இப்போது எப்படி இருக்கிறது’ என்பதற்கு விடை: ஆணை நிலை.

இந்தப் பிரிவு தொடக்கத்தில் இல்லை. 1997இல் வெளியான 4.0 பதிப்பில் நிலைக்குப் புலம் இருந்தது. நிகழ்வுக்குத் தனிப்புலம் இல்லை. 1998இன் 4.1 பதிப்பு, நிகழ்வு வகையையும் எஞ்சிய அளவையும் (151) சேர்த்தது. அப்போதும் ‘பகுதி நிறைவு’, ‘முழு நிறைவு’ என்ற சொற்கள் இரு புலங்களிலும் இரட்டித்து நின்றன. 2001இன் 4.3 பதிப்பில்தான் நிறைவுகள் யாவும் ‘வணிகம்’ என்ற ஒரே நிகழ்வாயின. ஆணையைத் திருத்துவதும் அதே தர்க்கத்துக்குள் வந்தது: திருத்தம் ஏற்கப்பட்டால் நிகழ்வு ‘மாற்றப்பட்டது’ என்றிருக்கும், நிலையோ ‘புதிது’ அல்லது ‘பகுதி நிறைவு’ என்றிருக்கும். நிகழ்வை நிலையிலிருந்து படிப்படியாகப் பிரித்தெடுத்ததே இப்பதிப்புகளின் வரலாறு. உள்ளூர்த் தகவமைப்புகள் பல இந்த வரலாற்றைப் பின்னோக்கி நடத்துகின்றன: வாடிக்கையாளரின் திரையில் ஒரே ஒரு ‘நிலை’ என்ற கட்டத்தை வைத்து, இரண்டையும் அதற்குள் திணிக்கின்றன.

3. திணிப்பின் விளைவு

1,000 பங்குகளுக்கான ஓர் ஆணையை எடுத்துக்கொள்வோம். 400 பங்குகள் வாங்கப்பட்ட பின் வாடிக்கையாளர் ரத்து கோருகிறார். கோரிக்கை கிடைத்ததென்று வரும் அறிக்கையில் நிலை ‘ரத்து நிலுவை’; நிறைவேறியது 400, எஞ்சியது 600. ரத்து முடிவாகும் முன் மேலும் 100 பங்குகள் வாங்கப்படுகின்றன. இப்போது வரும் அறிக்கையில் நிகழ்வு ‘வணிகம்’. நிலை மாறாமல் ‘ரத்து நிலுவை’. நிறைவேறியது 500, எஞ்சியது 500. கடைசியாக ரத்து ஏற்கப்படும்போது நிலை ‘ரத்தானது’. நிறைவேறியது 500, எஞ்சியது 0.

நடு அறிக்கையில் ஆணை ஒரே நேரத்தில் இரு நிலைகளில் இருக்கிறது: பகுதி நிறைவு, ரத்து நிலுவை. இத்தகைய இடங்களுக்காக நெறிமுறை ஒரு முன்னுரிமை வரிசையை வகுத்துள்ளது. அதில் உச்சியில் இருப்பது ரத்து நிலுவை. எனவே 39ஆம் புலம் முழு உண்மையைச் சொல்வதில்லை. முன்னுரிமையால் தேர்ந்த ஒரு சுருக்கத்தைத்தான் சொல்கிறது. அதை மட்டும் வாசிக்கும் தகவமைப்பு, நடுவில் வாங்கிய 100 பங்குகளைத் தவறவிடும். இறுதியில் ‘ரத்தானது’ என்று காட்டி, 500 பங்குகள் கணக்கில் நிற்பதை மறைக்கும். நம்பத்தக்கவை அளவுகளே. நிலையை அளவுகளோடு சரிபார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் அந்த அறிக்கையைத் தனியே நிறுத்தி ஆராய வேண்டும்.

4. அறியாமையை அறிவித்தல்

நெறிமுறையின் மெலிந்த இடம் நிலைக் கோரிக்கையில் இருக்கிறது. ஓர் ஆணை என்னவாயிற்று என்று ஒரு தரப்பு கேட்கலாம். மறுதரப்பு செயலாக்க அறிக்கையாலேயே பதிலளிக்கும், 4.3 முதல் அதன் நிகழ்வு வகை ‘ஆணை நிலை’. புதிதாக எதுவும் நடக்கவில்லை என்பதைக் காட்ட, அறிக்கையின் அடையாள எண் 0 என்று வைக்கப்படும். இந்தக் குறிப்பைக் கவனிக்காத மென்பொருள், பழைய நிறைவைப் புதிய வணிகமென்று கூட்டிவிடும்.

இதைவிடப் பெரிய இடர், கேட்கப்பட்ட ஆணை மறுதரப்புக்குத் தெரியாதபோது வருகிறது. அப்போதும் 39ஆம் புலத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற மதிப்பே இடப்படுகிறது. ‘அறியாத ஆணை’ என்ற காரணம் 103ஆம் புலத்தில் ஒதுங்கி நிற்கிறது. ‘ஆணையைப் பார்த்து மறுத்தேன்’, ‘அப்படி ஓர் ஆணையை இன்னும் பார்க்கவில்லை’ என்ற இரண்டும் ஒரே மதிப்பாகிவிடுகின்றன. ஆணை வழியில் இருக்கும்போதே நிலைக் கோரிக்கை முந்திப் போயிருக்கலாம். 39ஐ மட்டும் திரைக்கு அனுப்பும் தரகரிடம் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று கண்ட வாடிக்கையாளர் அதே ஆணையை மறுபடி இடுவார். சற்றுப் பின் இரண்டும் நிறைவேறும். ஆகவே ‘தெரியவில்லை’ என்பதைத் தகவமைப்பு தனி நிலையாகவே வைத்திருக்க வேண்டும். பதிலே வராத ஆணைக்கும் அதுவே நிலை.

நொடிகளில் விலை மாறும் சந்தையில் காத்திருப்பதும் இழப்புதானே என்று கேட்கலாம். காத்திருப்பின் இழப்பு ஓர் ஆணையின் அளவோடு நிற்கும்; மறுபடி மறுபடி இடுவதன் இழப்புக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. மறுபடி அனுப்பியே ஆக வேண்டுமெனில், அதே வாடிக்கையாளர் ஆணை எண்ணோடு (11), ‘முன்பே அனுப்பியிருக்கலாம்’ என்ற குறியையும் (97) சேர்த்து அனுப்ப நெறிமுறை வழி தருகிறது. பெறுநர் ஆணை எண்ணைப் பார்த்து இரட்டிப்பைத் தள்ளிவிடலாம்.

5. உள்ளூர் நிலைகளும் மறுப்புகளும்

தரகர்களுக்கு ‘இடர் சரிபார்ப்பில் உள்ளது’, ‘மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ போன்ற சொந்த நிலைகள் உண்டு. அவற்றுக்கு 39ஆம் புலத்தில் புதிய மதிப்புகளைச் சேர்ப்பது எளிது, தவறும் அதுவே. இவ்விரண்டையும் ‘புதிது நிலுவை’ என்ற பொது மதிப்பில் அடக்கி, விவரத்தைப் பயனர் வரையறைக்கென ஒதுக்கிய 5000 முதல் 9999 வரையிலான புலங்களில் வைக்கலாம். அந்தப் புலத்தை அறியாத பெறுநரும் ஆணையின் அளவுகளைப் பிழையின்றி அறிய முடிய வேண்டும், இதுவே அளவுகோல்.

ஒழிந்த மதிப்புக்குப் புதுப்பொருள் தருவது இன்னும் ஆபத்தானது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. அங்கே புதிய பணிக்குப் பழைய குறி ஒன்றை மீண்டும் பயன்படுத்தியிருந்தனர். எட்டு வழங்கிகளில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே அக்குறி 2003இலேயே கைவிடப்பட்ட நிரலை எழுப்பியது. நிறைவேறிய அளவை எண்ணி, சிறு ஆணைகளாகப் பிரித்து அனுப்பப்படும் தாய் ஆணை முடிந்ததும் நிறுத்தும் பகுதி 2005இலேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், அந்த நிரல் நிற்காமல் ஆணைகளை அனுப்பியது. இது நிறுவனத்தின் உள்கட்டமைப்பில் நேர்ந்தது, ஃபிக்ஸின் குறையன்று. ஆயினும் குறியின் பொருளை மாற்றுவதும், நிறைவேறிய அளவைப் பாராமல் இயங்குவதும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலை அறிவிப்பே தேவையில்லை என்போரும் உளர். நாஸ்டாக்கின் ஔச் நெறிமுறை ஏற்பு, நிறைவு, ரத்து போன்ற நிகழ்வுகளையே அனுப்புகிறது. நிலையைக் கணித்துக்கொள்வது பெறுநரின் வேலை. நாள் முழுதும் இணைந்திருக்கும் நிறுவனத்துக்கு இது போதும். இடையில் வந்து சேர்பவருக்குப் போதாது. ஃபிக்ஸில் தவறிய செய்திகளை வரிசை எண் கொண்டு மறுபடி கேட்டுப் பெறலாம். ஆனால் அது தன் இணைப்பில் போன செய்திகளை மட்டுமே மீட்கும். வேறோர் இணைப்பில் இட்ட ஆணையின் நிலையை அறிய அந்த மீட்பு உதவாது. நிலை அறிவிப்பின் உண்மையான இடம் அங்கேதான்: நிகழ்வுகளைத் தவறவிட்டவர் தம் கணக்கைச் சரிபார்க்கும் இடம்.

6. முடிவு

ஒரு தகவமைப்பு சரியானதா என்று சோதிக்க மூன்று கேள்விகள் போதும். உள்ளூர்ப் புலங்கள் அனைத்தையும் நீக்கினாலும் நிறைவேறிய, எஞ்சிய அளவுகள் சரியாக வருகின்றனவா? ஒரே ஆணைக்கு நிலைக் கோரிக்கையைப் பத்து முறை அனுப்பினாலும் கணக்கில் ஒரு பங்குகூடக் கூடாமல் இருக்கிறதா? பதிலை முற்றிலும் நிறுத்திவிட்டால், திரை ‘தெரியவில்லை’ என்று சொல்கிறதா? மூன்றாவது கேள்வியைச் சோதிக்க இணைப்பைத் துண்டித்தால் போதும். அமைப்பைச் சந்தையோடு இணைக்கும் முன் இச்சோதனையைக் கட்டாயமாக்குவதை விதிநூல்கள் ஒரு நிபந்தனையாகவே எழுத வேண்டும்.