பெயர் சொல்லாத தடை: சைலோசைபின் காளானின் சட்டநிலை

கொடைக்கானலில் ‘போதைக் காளான்’ வைத்திருந்ததாகக் கைது என்ற செய்தி நாளிதழ்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவ்வழக்குகளின் ஜாமீன் மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வருகின்றன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலும் அதே கிளையின் எல்லைக்குள் அடங்கும். ஆகவே மலையில் பிடிபட்ட காளானுக்குச் சொல்லப்படும் சட்டப்பொருள் ஆற்றங்கரை வயலையும் கட்டுப்படுத்தும். சைலோசைபின் என்ற போதை வேதிப்பொருள் கொண்ட காளான், முளைத்த நிலையில், இன்றைய சட்டப்படி தடைப்பொருள் அல்ல. மனிதக் கை அதை மருந்தாக்கும்போதே சட்டத்தின் பிடிக்குள் வருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன் அட்டவணையில் சைலோசைபின், சைலோசின் ஆகிய வேதிப்பொருள்கள் உள்ளன, காளான் இல்லை. பிரிவு 2(23) இயற்கைப் பொருளையும் மனமயக்கப் பொருளாக ஏற்கிறது. ஆனால் அது அட்டவணையில் இடம்பெற்றிருக்க வேண்டும். செடியையே தடுக்க நினைத்த இடத்தில் இச்சட்டம் தயங்கவில்லை. பிரிவு 8 கோக்கா, அபினி, கஞ்சாச் செடிகளைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. கஞ்சாவின் வரையறையோ பூந்தலையோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியும் வைக்கிறது. இவ்வளவு நுணுக்கம் பார்த்த நாடாளுமன்றத்தின் மௌனத்தை நீதிமன்றம் பேச்சாக மாற்றிக்கொள்ள முடியாது.

மாநிலச் சட்டமும் இதையே காட்டுகிறது. ஏரலிலிருந்து உடன்குடி வரை பனை சூழ்ந்த பூமி. ஒரே பாளையிலிருந்து வடிவதுதான் கள்ளும் பதனீரும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்பதில் பனையேறியின் குற்றமும் தொழிலும் பிரிகின்றன. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 கள்ளைப் பெயர் சொல்கிறது. கள்ளுக்காக மரத்தைச் சீவுவதையும் தனிக் குற்றமாக்குகிறது. இயற்கை தருவதைத் தடுக்கும் சட்டம் எந்தப் பொருள், எந்த நிலையில், எந்தச் செயலால் குற்றமாகிறது என்று சொல்லியாக வேண்டும். காளான் விஷயத்தில் அந்தத் தெளிவு இல்லை.

எடைக் கணக்கு

2001 அக்டோபர் 19 அறிவிக்கையின்படி சைலோசைபினுக்குச் சிறு அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராமுக்கு மேல். கலவையாக இருந்தால் மொத்த எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் காளானுக்குப் பொருத்திப் பார்க்கலாம். உலர்ந்த காளானில் சைலோசைபின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அப்படியானால் 50 கிராம் பச்சைக் காளானில், அதாவது ஒரு கைப்பிடியில், இருப்பது சுமார் 0.05 கிராம், சிறு அளவில் நாற்பதில் ஒரு பங்கு. மொத்த எடையை எடுத்தாலோ அதே கைப்பிடி 50 கிராமைச் சற்றுத் தாண்டியதுமே வணிக அளவாகி, 10 முதல் 20 ஆண்டு கடுங்காவலுக்கும் பிரிவு 37இன் ஜாமீன் தடைக்கும் ஆளாக்கும்.

2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.குன்ஹிகிருஷ்ணன் இந்த முரணைத் தீர்த்தார். காளான் இயற்கையாக விளைவது, கலவை அல்ல. எனவே ஹீரா சிங் தீர்ப்பு பொருந்தாது என்றார். கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்களின் முந்தைய உத்தரவுகளோடும் உடன்பட்டு ஜாமீன் அளித்தார். கலவை என்றால் கலந்தவர் ஒருவர் வேண்டும்; காளானுக்குள் இருக்கும் நீரையும் நாரையும் யாரும் கலக்கவில்லை.

எதிர்வாதங்கள்

‘தயாரிப்பு’ என்ற வரையறை எந்த வடிவிலுள்ள கலவையையும் உள்ளடக்குகிறதே என்று அரசுத் தரப்பு கேட்கலாம். அது ஓரளவு சரி. கேரள வழக்கில் கேப்சூல்களும் பிடிபட்டன. கேப்சூல் என்பது மருந்தளவு வடிவம். பச்சைக் காளானுக்குச் சொன்ன நியாயத்தை அதற்கு அப்படியே நீட்ட முடியாது. பிழிந்தெடுத்த சாறும் அப்படித்தான்.

சட்டத்தில் ஓட்டை இருந்தால் இளைஞர்கள் கெடுவார்கள் என்பது அடுத்த வாதம். கவலை நியாயமானது, பரிகாரம் நீதிமன்றத்தில் இல்லை. பிரிட்டன் 2005இல் தனிச் சட்டத் திருத்தத்தால்தான் பச்சைக் காளானைத் தடைக்குள் கொண்டுவந்தது. காட்டுக் காளானில் தடைப்பொருள் இருக்கிறது என்று சட்டம் குடிமக்களுக்கு அறிவிக்கவில்லை என 1978இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றமும் கூறியது. இந்தியாவில் இந்த அறிவிப்பு இன்னும் முக்கியம்: பிரிவு 35 குற்ற எண்ணத்தை முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது. சைலோசைபின் இனங்கள் சில வெப்பமண்டலச் சாணத்தில் முளைப்பவை. மழை ஓய்ந்ததும் மேய்ச்சல் தரையில் காளான் பறிப்பவர் மீது அந்த ஊகத்தின் சுமை விழக்கூடாது.

செய்ய வேண்டியது

பிரிவு 3இன்படி மத்திய அரசு ஒரு பொருளை அரசிதழ் அறிவிக்கையால் அட்டவணையில் சேர்க்கலாம். காளானைத் தடுப்பது கொள்கையானால், இனத்தையும் நிலையையும் சொல்லி அவ்வழியே சேர்க்கட்டும். மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிடிபட்டது பச்சையா, உலர்ந்ததா, கேப்சூலா என்பதையும், அதிலுள்ள சைலோசைபினின் அளவையும் தடய அறிவியல் அறிக்கை தனித்தனியே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவிடலாம். ‘சைலோசைபின் உள்ளது’ என்ற ஒற்றை வரியை நம்பி எவரையும் ஜாமீனின்றி அடைத்து வைப்பதற்கு அதன் பிறகு இடமிராது.