வீட்டில் இல்லாத நோயாளி: சேலம், நாமக்கல் சமவெளியில் நீரிழிவுப் பணியும் அரசுத் துறைகளின் ஒருங்கிணைப்பும்

தமிழ்நாட்டின் நீரிழிவுப் பணியில் பெரிதும் குறைவது திட்டமோ மருந்தோ அன்று. ஒரே நோயாளியை வெவ்வேறு வேளைகளில் காணும் அலுவலகங்கள் அவரைப் பற்றித் தமக்குள் தெரிவித்துக்கொள்ளும் வழிதான். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் குறை பளிச்செனத் தெரிகிறது. இங்குள்ள தொழில்கள் ஆட்களை வீட்டில் இருக்க விடுவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது அதற்குக் கிடைத்தது, தகுதியான விருது. ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவர் மாதக்கணக்கில் வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர் இரவில் ஓட்டி, பகலில் வண்டியிலேயே தூங்குகிறார். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்காரர் ஷிப்டில் நிற்கிறார். திட்டத்தின் தன்னார்வலர் கதவைத் தட்டும்போது பெரும்பாலும் முதியவர்களே இருப்பார்கள். சர்க்கரை தொடங்கும் வயதிலுள்ள உழைப்பாளி விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

விடுபடாதவருக்கும் வேறொரு சிக்கல் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழும், வட்ட மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழும் வருகின்றன. இ.எஸ்.ஐ. மருந்தகமோ தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. கால் புண்ணோடு ஊரிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரின் பழைய கதையை மருத்துவருக்குச் சொல்வது பெரும்பாலும் அவர் கையிலுள்ள சீட்டுதான். மூன்று இயக்ககங்களின் மருத்துவமனைகளுக்கும் மருந்தை ஒரே இடத்தில் கொள்முதல் செய்து தர 1994இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்த அரசு இது. மருந்து ஒன்றுபட்ட அளவுக்கு நோயாளியின் விவரம் இன்னும் ஒன்றுபடவில்லை.

ஆராய்ச்சியிலும் இதே பிளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களிடையே நீரிழிவு 14.4 விழுக்காடு என்கிறது. அதன் மாதிரி மாநிலத்துக்காக எடுக்கப்பட்டது. நாமக்கல்லைப் பற்றித் தனியே எதுவும் சொல்லாது. தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டக் கணக்குத் தருகிறது. ஆனால் முன்னது குளுக்கோஸ் குடிக்கவைத்து அளந்தது, பின்னது எந்த நேரமென்று பாராமல் அளந்தது. இரண்டையும் ஒட்டவைக்க முடியாது. அமெரிக்கா 1974இல் சட்டம் இயற்றி, நீரிழிவு ஆராய்ச்சியில் ஈடுபடும் அரசு அமைப்புகளுக்கெனக் கூட்டுக்குழு ஒன்றை அமைத்தது. முன்னாள் படைவீரர்களுக்கும் பழங்குடியினருக்கும் மருத்துவம் செய்யும் அமைப்புகளும் அதில் இடம்பெற்றன. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது குழுவின் வடிவத்தை அன்று, அதன் அகலத்தை.

நம் சமவெளிக்கு அந்த அகலம் வட்டாரப் போக்குவரத்து (ஆர்.டி.ஓ.) அலுவலகம் வரை நீள வேண்டும். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது; அதற்கு மருத்துவச் சான்று கட்டாயம். சான்றுப் படிவம் பார்வையையும் செவியையும் விசாரிக்கிறது, இரத்தச் சர்க்கரையை அளக்கச் சொல்வதில்லை. வீடு வீடாகத் தேடியும் அகப்படாதவர் தாமாகவே வந்து மருத்துவர் முன் உட்காரும் அந்த வாய்ப்பு வீணாகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: உரிமம் போய்விடும் என்ற பயத்தில் ஓட்டுநர் நோயை மறைப்பார். நியாயமான பயம், அவருக்கு வண்டிதான் சோறு. ஆகவே சர்க்கரை அளவு உரிமக் கோப்புக்குள் போகவே கூடாது. மருத்துவத் துறையின் பதிவேட்டுக்கு மட்டும், தொழில் என்ன என்ற குறிப்போடு, போக வேண்டும். அந்தக் குறிப்பு ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உதவுவதன்று. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழும். முன்னிருப்பவர் இரவெல்லாம் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர் என்று தெரிந்தால் மருத்துவர் வேறு மாத்திரையை யோசிப்பார்.