ஈப்போ பழைய பட்டணமும் வீட்டு வாடகையும்



தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் வாடகை என்று ஒன்றைக் கொடுத்தறியாதவர்கள். பால்மரம் வெட்டியவருக்கு லயத்தில் ஒரு வீடு உண்டு. மாதம் பிறந்தால் பணம் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஈப்போ பட்டணத்தில் குடியிருந்தவர்களின் கதை இதற்கு நேர்மாறானது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம்தான் ஈப்போவை வளர்த்தது. 1892-ஆம் ஆண்டில் ஒரு பெருந்தீ பட்டணத்தில் பல வீடுகளை அழித்தது. அதன் பிறகு செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகக் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. கீழே கடை, மேலே குடியிருப்பு. பங்லீமா சந்து என்று பெயர்ப்பலகையில் உள்ள அந்த ஒடுக்கமான சந்தை ஆசைநாயகியர் சந்து என்று ஊரார் அழைப்பார்கள். செல்வந்தர்கள் அங்கே யாரைக் குடிவைத்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்!

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. சண்டை முடிந்தபோது மலாயாப் பட்டணங்களில் ஆட்கள் அதிகம், வீடுகள் குறைவு. வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை என்றாகிவிடும் நிலை. இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வாடகையை உயர்த்தியதை எதிர்த்துத் தாய்மார்கள் திரண்டு, பணம் கட்ட மறுத்தார்கள். அதனால் 1915-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. பம்பாயில் 1947-இல் அத்தகைய சட்டம் வந்தது. மலாயாவில் 1948-இல் வந்தது. பின்னர் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது.

1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. சட்டம் வகுத்த காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. ஆகவே தையற்காரர், முடிதிருத்துபவர், காப்பிக் கடைக்காரர் எல்லாம் பட்டணத்தின் நடுவிலேயே பல்லாண்டுகள் குறைந்த வாடகையில் தொழில் செய்தார்கள். சிலர் மாடியைப் பலகையால் தடுத்து, அறை அறையாகப் பிறருக்கு விட்டுத் தாங்களும் சம்பாதித்ததுண்டு. வீட்டுக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வருகிற சில வெள்ளியை வைத்து அவர் ஓட்டை மாற்றுவாரா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாரா? மழை ஒழுகியது, கூரையில் ஆலஞ்செடி முளைத்தது.

தோட்ட மக்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை என்றே சொல்வேன். லயங்களில் பல 1948-க்கு முந்தியவைதாம். ஆனால் வாடகையே இல்லாத இடத்தில் வாடகைச் சட்டத்துக்கு என்ன வேலை? தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, நம்மவர் குடியேறியது பெரும்பாலும் பட்டணத்து ஓரத்துப் புதிய வீடுகளில். அவையும் அந்தச் சட்டத்தின் நிழலுக்கு வெளியே இருந்தவை. நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தபோது முன்பணம், விளக்குக்கும் தண்ணீருக்கும் வைப்புப் பணம் என்று ஒரே நாளில் கேட்டார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒரு கூரைக்கு இத்தனை விலையா என்று அப்பா அன்றிரவு திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

1985-இல் ஈய விலை சரிந்து ஈப்போ ஓய்ந்தது. 1997-இல் நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தார்கள். 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து பழைய வீடுகளுக்கும் சந்தை வாடகை. இத்தகைய வீடுகள் மிகுதியாக இருந்த பினாங்கு ஜார்ஜ் டவுனில் பல குடும்பங்கள் மூட்டை கட்ட நேர்ந்தது. ஈப்போவில் ஆள் போன வீடுகள் சில நெடுநாள் பூட்டியே கிடந்தன.

பிறகு பயணிகள் வரத் தொடங்கினார்கள். 2014-இல் பழைய பட்டணத்துச் சுவர்களில் லித்துவேனிய ஓவியர் ஒருவர் பெரிய சித்திரங்கள் தீட்டினார். வெள்ளைக் காப்பி குடிக்கவும் படம் எடுக்கவும் கூட்டம் சேர்ந்தது. ஆசைநாயகியர் சந்தில் இப்போது பலகாரக் கடைகளும் நினைவுப் பொருள் கடைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அடுத்த முறை பிள்ளைகளோடு அங்கே போனால், கடைப் பலகைகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். மாடியில் பழைய மரச் சன்னல்கள் இருக்கும். அவற்றில் எத்தனையில் துணி காய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.